ஒரு புட்டி பாதரசம்

அரும்பாவூர்
12.6.1983

அன்புத் தம்பி தங்கராசுக்கு அக்கா அம்சவள்ளி எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை உன் வீட்டுக்காரி ரெங்கம்மாள் கண்ணை மூடிய பிறகு சோறு வடிக்கச் சோம்பல்பட்டு டீயும் பன்னுமாகவே காலம் தள்ளுகிறாயா என்று முதலில் எழுது. எனக்கும் உன் மாமாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வெங்காயம் நட்டிருக்கிறோம்.

மலர்கொடிக்குத்தான் நன்றாக இல்லை. இந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை வலிப்பு வந்துவிட்டது. அதில் ஒரு தடவை பள்ளிக்கூடத்தில். "இனிமே வூட்டுலயே வெச்சுக்குங்க, மத்த புள்ளைங்க பயப்படுதுங்க" என்று வாத்தியார் சொல்லிவிட்டார். ஆறு வயதுப் பிள்ளை, இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். பெரம்பலூர் டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் பகலெல்லாம் தூங்குகிறாள். தூக்கத்திலேயே வலிப்பும் வருகிறது.

மலையடிவாரத்திலிருந்து கருப்பண்ணன் வைத்தியர் வந்து நாடி பார்த்தார். இடுப்பில் ரசமணி கட்டினால் வலிப்பு அண்டாது என்கிறார். பாதரசத்தை மூலிகைச் சாறு விட்டு இறுக்கி உருட்டுவதுதான் ரசமணி. அதற்கு ஒரு நிபந்தனையும் போட்டார். "கடையில வாங்குன ரசம் ஆவாது. தாய்மாமன் கையால வந்ததா இருக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த ஊர்லங்க தாய்மாமன் பாதரசம் வெச்சிருக்கான்? எங்க வூட்டுத் தாய்மாமன்கிட்டதான் ஜாடி நெறைய இருக்கு" என்றேன்.

போன தையில் வந்தபோது நீதானே சொன்னாய், உன் பல்கலைக்கழக லேபில் இருக்கும் ஜாடியை ஒரு கையால் தூக்க முடியாது, அத்தனை கனம் என்று. எங்களுக்கு வேண்டியது ஒரு சின்ன மருந்துப் புட்டி அளவுதான். உன் வேலைக்குக் குறை வராது என்றால் மட்டும் அனுப்பு.

அடியில் இருப்பது கோழி. தன் தாய்மாமன் உனக்கென்று மலர் வரைந்தது. ஒரு காலைக் காணோமே என்றால், "அது ஒத்தக்கால்ல நிக்குதும்மா" என்கிறாள்.

உன் அக்கா,
அம்சவள்ளி

பல்கலைக்கழக ஊழியர் குடியிருப்பு
28.6.1983

அக்காவுக்கும் மாமாவுக்கும் தங்கராசு வணக்கம் சொல்லி எழுதுவது. நான் சௌக்கியம். சோறும் வடிக்கிறேன், குழம்பும் வைக்கிறேன். உப்புத்தான் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். மலரின் கோழியை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், அடுத்த தடவை இன்னொரு காலையும் வைக்கச் சொல்.

நீ பாதரசம் கேட்ட நேரத்தில் இங்கே அதை வைத்துத்தான் ஒரே கூத்து. இந்த வருஷம் எங்கள் வேதியியல் துறைக்கு ஜானகி அம்மா என்று ஒரு பேராசிரியை வந்திருக்கிறார். வயது முப்பத்தைந்துதான் இருக்கும். வந்த ஒரே மாதத்தில், வளாகத்தில் பாதரசம் அடைத்த தெர்மாமீட்டர் ஒன்றுகூட இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். "ஒடஞ்சா அது தரைச் சந்துல போய் உக்காந்துக்கும், காத்துல கலந்து நம்ம மூச்சுக்குள்ள போகும்" என்கிறார். அதற்குப் பதிலாகச் சிவப்புச் சாயம் கலந்த ஸ்பிரிட் தெர்மாமீட்டர் வாங்க வேண்டுமாம். "சாராயம் குடிச்ச தெர்மாமீட்டர் நிதானமா சூடு காட்டுங்களா அம்மா?" என்று கேட்டேன். லேபே சிரித்தது, அவர் மட்டும் சிரிக்கவில்லை.

நிர்வாகத்தில் மசியவில்லை. "இத்தனை வருஷமா யாருக்காவது ஏதாவது ஆயிருக்கா? ஆளைக் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயந்தானே அக்கா. பையன்கள் வாரத்துக்கு நாலு தெர்மாமீட்டர் உடைக்கிறார்கள். பதினெட்டு வருஷமாக அட்டெண்டர் நான்தான் தபால் கார்டால் உருட்டி, உள்ளங்கையில் ஏந்தி, மெல்லிய துணியில் வடிகட்டி ஜாடியில் சேர்க்கிறேன். மத்தியானம் தலை சாய்ப்பதும் அந்த ஜாடி இருக்கும் ஸ்டோர் ரூமில்தான். எனக்கு என்ன ஆகிவிட்டது?

மலருக்கு என்றால் ஜாடியோடு தூக்கி வருவேன். ஆள் கிடைத்ததும் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கொஞ்சம் ஆடியிருக்கும், முழங்காலில் அட்டை வைத்து எழுதுகிறேன்.

உன் தம்பி,
தங்கராசு

அரும்பாவூர்
20.7.1983

தம்பி தங்கராசுக்கு அக்காவின் ஆசீர்வாதம். சோறு வடிக்கிறாய் என்று படித்ததில் பாதி நம்புகிறேன்.

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது தபால்காரர், "என்னாங்க, உங்க தம்பி பஸ்ஸுல போய்க்கிட்டே எழுதுவாரா?" என்று கேட்டார். ஊரில் பெயர்ப்பலகை எழுதக் கூப்பிட்ட கை உன்னுடையது. முழங்காலில் அட்டை வைத்து நீ எழுதுவது இன்றைக்கு நேற்றா? கண்ணாடி போட வேண்டுமென்றால் போய்ப் போட்டுக்கொள், வீம்பு பிடிக்காதே.

மலருக்கு ஞாயிற்றுக்கிழமை வலிப்பு வந்து கிணற்று மேட்டில் விழுந்தாள். இன்னும் இரண்டு அடி தள்ளி விழுந்திருந்தால் கிணறு. நாக்கைக் கடித்துக்கொண்டு வாயெல்லாம் ரத்தம். அன்றிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. அவளைக் கூடவே கூட்டிக்கொண்டு வெங்காயக் கொல்லைக்குப் போகிறேன், மடியில் போட்டுக்கொண்டு களை பறிக்கிறேன். மணி கட்டி நல்லபடியானால் சிறுவாச்சூர் மதுரகாளிக்கு மாவிளக்குப் போடுவதாக வேண்டியிருக்கிறேன்.

ஆடியில் ஆகாது, ஆவணி பிறக்கட்டும் என்று வைத்தியர் சொல்கிறார். அதற்குள் அனுப்பிவிடு.

இந்தத் தடவை கோழிக்கு இரண்டு கால். நீ சொல்லித்தான் வைத்தாளாம்.

அம்சவள்ளி

பல்கலைக்கழக ஊழியர் குடியிருப்பு
16.8.1983

அக்காவுக்குத் தங்கராசு. எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு ஈறு கொஞ்சம் வீங்கிச் சோறு மெல்ல முடியவில்லை, உப்புத்தண்ணீர் கொப்பளிக்கிறேன், சரியாகிவிடும்.

உடையார்பாளையத்துச் சாமிதுரை இங்கே மாணவர் விடுதியில் சமையல்காரர். லீவில் ஊருக்குப் போகிறார். நல்ல மனிதர், அரும்பாவூர் வரைக்கும் வந்து கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார். அவரிடம் ஒரு மூட்டை கொடுத்திருக்கிறேன். பிரிக்கும்போது பார்த்துப் பிரி. பாவாடைக்குள் புட்டி சுற்றியிருக்கிறது.

பாவாடை, வருகிற தையில் மலருக்குக் காது குத்தும்போது தாய்மாமன் சீராகப் போடுவதற்கு வாங்கியது. அரக்கு நிறம், பச்சைக் கரை. ஆறு வயதுப் பிள்ளை என்று சொல்லி அளவு கேட்டு வாங்கினேன். புட்டி உடையக் கூடாதே என்று அதையே சுற்றிவிட்டேன்.

ஜானகி அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தர மாட்டார். உடைந்த தெர்மாமீட்டர்களிலிருந்து நான் அள்ளிச் சேர்த்ததுதானே, அதில் எனக்கு இல்லாத உரிமையா? அவருக்கு இப்போது என்மேல் ஒரு கண். போன வாரம் நான் குடுவையில் ஊற்றியதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "கையை நீட்டுங்க தங்கராசு" என்றார். காலையில் டீ குடிக்கவில்லை அம்மா என்று சொல்லி நழுவிவிட்டேன்.

மணி கட்டியதும் எழுது. எந்த நாள் என்று முன்னாலேயே எழுதினாலும் நல்லது, அன்றைக்கு இங்கே கோயிலுக்குப் போவேன்.

தங்கராசு

அரும்பாவூர்
25.8.1983

அன்புத் தம்பிக்கு, இங்கே எல்லோரும் நல்லபடி. ஈறு வீக்கத்துக்கு டாக்டரிடம் காட்டு. உப்புத்தண்ணீரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவாய்?

சாமிதுரை வெயிலில் வந்து கொடுத்தார். ஒரு சொம்பு மோர்தான் குடித்தார், சாப்பிடச் சொன்னால் பஸ் போய்விடும் என்று ஓடிவிட்டார். புட்டியைப் பார்த்ததும் உன் மாமா, "இத்துணூண்டு புட்டி இவ்வளவு கனமா?" என்று கையில் வைத்து வைத்துப் பார்த்தார். மலர் அதை ஆட்டி ஆட்டி விளையாடுகிறாள். பிடுங்கி மேலே வைத்திருக்கிறேன்.

பாவாடையைக் கட்டிப் பார்த்தோம். இடுப்பில் ஒரு மடிப்பு, நீளத்தில் ஒரு மடிப்பு, சரியாக இருக்கிறது. அவிழ்க்க மாட்டேன் என்று அழுதாள். தைக்குத்தான் என்று சொல்லிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

செப்டம்பர் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில் மணி கட்டுகிறோம். ரசம் கட்டும்போது வெளியாள் கண் படக் கூடாதாம். அதனால் எங்கள் அடுப்படியிலேயே கதவைச் சாத்தி, ஜன்னலுக்குச் சாக்கைக் கட்டி, அடுப்பில் வைத்துச் செய்வதாக வைத்தியர் சொல்லியிருக்கிறார். மணி யாருக்கோ அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் மலரை உன் மாமா மடியில் வைத்துக்கொள்வார். நீ கோயிலுக்குப் போ.

கோழியும் குஞ்சும் அடியில். குஞ்சு நீதானாம்.

அம்சவள்ளி

பல்கலைக்கழக ஊழியர் குடியிருப்பு
30.8.1983, செவ்வாய்

அக்கா, நலம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படித்ததும் புட்டியை எடுத்து, மூடி திறக்காமல், யார் கையும் படாத இடத்தில் வைத்துவிடு. வைத்தியர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. பாதரசத்தை அடுப்பில் வைக்கக் கூடாது.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். இரண்டு வருஷமாக எனக்குக் கை நடுங்குகிறது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறேன். ஈறில் ரத்தம் வருகிறது. போன கடிதம் போட்ட மறுநாள் ஜானகி அம்மா விடாமல் இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் நிறுத்தி, சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பினார். நேற்று முடிவு வந்தது. பதினெட்டு வருஷமாக நான் அள்ளிய பாதரசம் என் உடம்புக்குள் இருக்கிறது.

உன் கடிதமும் நேற்றுத்தான் வந்தது. இன்று காலையில் ஜானகி அம்மாவிடம் புட்டி கொடுத்ததை ஒப்புக்கொண்டு, அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "உடனே நிறுத்தச் சொல்லுங்க. சூடு பட்டா கண்ணுக்குத் தெரியாம ஆவியாயிடும். சாத்தின ரூம்ல அதைச் சுவாசிச்சா புள்ளைக்கு நெஞ்சு வெந்துடும்" என்றார்.

தந்தி கொடுக்கத்தான் தபாலாபீசுக்குப் போனேன். படிவம் வாங்கி எழுதியும்விட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். அப்பா போனதற்கும் ரெங்கம்மாள் போனதற்கும் உன் வாசலுக்கு வந்தது தந்திதான். தந்திக்காரர் சைக்கிள் வந்து நின்றாலே, என்ன எழுதியிருக்கிறது என்று பிரிக்கும் முன்பே நீ விழுந்துவிடுவாய். அதைப் பார்த்து மலருக்கு வலிப்பு வரும். அதனால் எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். வெள்ளிக்கு முன் கிடைத்துவிடும் என்று கிளார்க் சொன்னார்.

பதில் போடு. ஒரு வரி போதும்.

தங்கராசு

அரும்பாவூர்
12.9.1983

தம்பி தங்கராசுக்கு.

உன் கடிதம் கிடைத்தது. புட்டியைத் திறக்கவில்லை. வைத்தியரை அனுப்பிவிட்டோம். மலர் நன்றாக இருக்கிறாள். நீ அனுப்பிய பாவாடை அளவாக இருந்தது.

உன் கையைப் பார்த்துக்கொள். டாக்டர் சொல்வதைக் கேள். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே.

அம்சவள்ளி

பல்கலைக்கழக ஊழியர் குடியிருப்பு
2.10.1983

அக்காவுக்கும் மாமாவுக்கும் மலருக்கும் தங்கராசு. மூவரும் சுகம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதம் வரும் வரைக்கும் நான் நானாக இல்லை. தபால் வரும் நேரத்துக்கெல்லாம் கேட்டில் போய் நின்றேன். "மலர் நன்றாக இருக்கிறாள்" என்ற வரியைப் படித்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வாட்ச்மேன் பயந்து தண்ணீர் கொண்டு வந்தார். ஜானகி அம்மாவிடம் காட்டினேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அவர் வேறொன்று கேட்கிறார். தெர்மாமீட்டர் மாற்றும் விஷயத்துக்குக் கமிட்டி போட்டிருக்கிறார்கள். நவம்பரில் கூடுகிறது. "ஆளைக் காட்டுங்கன்னு கேட்டாங்கல்ல, நீங்க வந்து நில்லுங்க தங்கராசு. உங்க கையைக் காட்டினா போதும்" என்கிறார். நான் எப்படிப் போய் நிற்பது? கை நடுங்குகிறவனை லேபில் கண்ணாடிச் சாமான் எடுக்க விடுவார்களா? வேலை போனால் இந்தக் குடியிருப்பும் போய்விடும். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது. கையைப் பையில் விட்டுக்கொண்டு திரிகிறேன்.

எல்லாம் எழுதினாய், கோழி எங்கே? காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன். மலர் என்மேல் கோபமா? ரசமணி கிடைக்கவில்லை என்று முறைத்துக்கொண்டாளா?

தங்கராசு

பல்கலைக்கழக ஊழியர் குடியிருப்பு
6.11.1983

அக்காவுக்கு.

நான் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் ஒரு கார்டும் போட்டேன். தீபாவளிக்காவது இரண்டு வரி வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. மாமாவுக்கு உடம்புக்கு ஏதாவதா? வெங்காயம் எடுக்கிற மும்முரமா? எதுவானாலும் எழுது.

கமிட்டி இருபத்தொன்றாம் தேதி கூடுகிறது. நான் முடிவெடுத்துவிட்டேன். இத்தனை வருஷம் புழங்கியும் எனக்கு ஒன்றும் இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லப்போகிறேன். ஜானகி அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் நினைத்துப் பார், கெட்டது என் கை மட்டும்தானே. மலர் தப்பித்துவிட்டாள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? இன்னும் பத்து வருஷம் வேலையில் இருந்தால் அவளுக்கு நகை நட்டுச் செய்வேன்.

தை பிறந்ததும் காது குத்துக்கு வருகிறேன். என் மடியில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லி வை. கை நடுங்கினாலும் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள முடியும்.

தங்கராசு

அரும்பாவூர்
13.11.1983

தம்பி, இதை உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்.

மலர் இல்லை. செப்டம்பர் ஐந்தாம் தேதி திங்கட்கிழமை விடிகாலையில் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். உனக்கு நான் பொய் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சொன்னபடி எல்லாம் நடந்தது. குளிப்பாட்டிப் பொட்டு வைத்து அடுப்பு முன்னால் உட்காரவைத்தோம். புகையும் தெரியவில்லை, நாற்றமும் இல்லை. "மணி வந்துடுச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மத்தியானம் இருமல் வந்தது. சாக்குத் தூசி என்று நினைத்தேன். பொழுது சாயும் முன்பே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் பெரம்பலூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். உன் மாமா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவரால் ஆனதை எல்லாம் செய்தார், அவரைக் குறை சொல்ல முடியாது.

உன் எக்ஸ்பிரஸ் கடிதம் சனிக்கிழமை மத்தியானம் வந்திருக்கிறது. வீடு பூட்டியிருந்ததால் பக்கத்து வீட்டு ஆண்டாயி வாங்கி வைத்திருந்தாள். பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்திய பிறகு கொடுத்தாள். கிடத்திய இடத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். உன் கை நடுங்குவதை அதில்தான் எழுதியிருந்தாய். உன் உடம்பிலும் அதே விஷம் என்று தெரிந்த பிறகு, நீ கொடுத்ததால்தான் பிள்ளை போனாள் என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? தனியாக இருக்கிறவன் நீ. உனக்கும் தந்தி கொடுக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

எடுக்கிற நேரத்தில் கேட்டார்கள், "தாய்மாமன் கோடி எங்க? கோடி போடாம எப்படி அனுப்புறது?" என்று. பெட்டியைத் திறந்து உன் பாவாடையை எடுத்துக் கட்டினேன். பாவாடை அளவாக இருந்தது என்று எழுதினேனே, அது மட்டும் பொய் இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் கேட்டேன், நீ கொடுத்தாய், வைத்தியர் அடுப்பில் வைத்தார். மூன்று பேரும் அவள் பிழைக்கட்டும் என்றுதான் செய்தோம். கருப்பண்ணன் வைத்தியரும் இன்னும் இருமிக்கொண்டுதான் கிடக்கிறார். அவர் வந்து வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். உன் மாமாவுக்கும் இருமல். பேச்சே குறைந்துவிட்டது.

இதை உனக்குத் தெரியாமலே வைத்துக்கொள்ளத்தான் இருந்தேன். ஆனால் போன கடிதத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லப்போவதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆகியிருக்கிறது தம்பி. பெயர் மலர்கொடி, வயது ஆறு. கமிட்டியில் போய்ச் சொல். இன்னொருத்தி பெற்ற பிள்ளைகள் அந்தத் தரையில்தானே நடக்கின்றன. சொல்லிவிட்டு வா. சொல்லாமல் என் வாசலை மிதிக்காதே.

அம்சவள்ளி

பல்கலைக்கழக ஊழியர் குடியிருப்பு
21.11.1983, திங்கள்

அக்கா, மாமாவின் இருமலைச் சும்மா விடாதீர்கள். மறுபடி பெரம்பலூரில் காட்டுங்கள். எனக்கு எப்படி என்று கேட்க வேண்டாம்.

வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. அன்றே ரயில் ஏறியிருப்பேன். சொல்லிவிட்டு வா என்று நீ எழுதியிருந்ததால் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்த நாலு நாளும் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. சாமிதுரை கூடவே இருந்து கஞ்சி கொடுத்தார்.

இன்று காலையில் கமிட்டி. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். தலைவர் வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார். "இத்தனை வருஷமா யாருக்கு என்னம்மா ஆயிடுச்சு?" என்றார். ஜானகி அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நான்தான் மாட்டேன் என்று சொல்லியிருந்தேனே. பையிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். "எனக்கு ஆயிருக்குதுங்க சார்" என்றேன். பிறகு மலரைச் சொன்னேன். வயது சொன்னேன், தேதி சொன்னேன். அடுப்பைப் பற்றியும் சாக்குக் கட்டிய ஜன்னலைப் பற்றியும் சொன்னேன். கடைசியில் ஒருவர், "புட்டியை யாரைக் கேட்டு எடுத்தே?" என்றார். "யாரையும் கேக்கலைங்க" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மாதிரிக்கென்று வாங்கி வைத்திருந்த ஸ்பிரிட் தெர்மாமீட்டர் ஒன்றைத் தலைவரிடம் காட்டச் சொல்லி ஜானகி அம்மா என்னிடம் கொடுத்தார். கொண்டுபோகும்போதே கை நழுவிக் கீழே விழுந்து உடைந்துவிட்டது. ஐந்து பேரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். பாதரசத்துக்குப் பயமில்லை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள்தான். துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அது காய்ந்துவிட்டது. தரையில் சிவப்பாக ஒரு கறை, நாலு கண்ணாடித் துண்டு. உடைந்தால் அவ்வளவுதான் அக்கா. இதைப் பார்த்துத்தான் சாராயம் என்று கேலி செய்தேன். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜானகி அம்மாவின் தாளில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வளாகம் முழுக்க மாற்றப்போகிறார்கள். எனக்கும் மத்தியானமே ஒரு தாள் வந்தது. புட்டி எடுத்ததற்கு விசாரணை, அதுவரைக்கும் வேலைக்கு வர வேண்டாம், மாதக் கடைசிக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். வாங்கிக்கொண்டேன்.

அந்த அடுப்படியில் இனிமேல் சமைக்காதே. பெருக்கவும் வேண்டாம், மெழுகவும் வேண்டாம். கதவையும் ஜன்னலையும் திறந்து போட்டுவிட்டு நீங்கள் இருவரும் ஆண்டாயி வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள். பாதரசம் தரையிலும் சுவரிலும் படிந்திருக்கும் என்று ஜானகி அம்மா சொல்கிறார். எப்படி எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், மூக்கில் கட்டத் துணியும் கையுறையும் கொடுத்திருக்கிறார். அடுப்பை இடித்து, தரை மண்ணை வெட்டி எடுப்பது என் வேலை. மாமாவைத் தொட விடாதே. அதை முடித்த பிறகு மலரை வைத்த இடத்தைக் காட்டு.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் முன்பே ஒரு தந்தி வந்திருக்கும். சைக்கிளைப் பார்த்து நீ பயந்திருப்பாய், மன்னித்துவிடு. வியாழக்கிழமை காலை அரியலூரில் இறங்குகிறேன் என்பதுதான் அதில் இருப்பது. ஆகஸ்டில் படிவத்தைக் கிழித்துப் போட்டேனே, தபாலாபீசில் அன்றைக்கு நின்ற அதே ஜன்னலில்தான் கொடுத்தேன். நாலு வார்த்தை. எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை அக்கா.

தங்கராசு